ஜீன் மாத்தின கிட்னி எண்டு ஆராவது சொன்னா: வீட்டில எப்பிடிக் கதைக்கிறது, என்ன கேக்கிறது

கிட்னி வருத்தக்காரர் இருக்கிற வீட்டுக்கு இப்பெல்லாம் அடிக்கடி ஒரு வீடியோ வந்து சேருது. கனடாவில இருக்கிற மச்சான் அனுப்புவார், இல்லாட்டி இங்க திருகோணமலைப் பக்கம் கிண்ணியாவில இருந்து ஆராவது ஃபோர்வர்ட் பண்ணுவாங்க, "இனி ஆரிட்டயும் போய்க் கிட்னி கேக்கத் தேவையில்ல, பன்றிட கிட்னியை ஜீன் மாத்தி மனுசருக்கு வைக்கிறாங்களாம்" எண்டு. பார்த்த உடன வீட்டில ரெண்டு கட்சி, ஒரு பக்கம் "கடவுள் கண் திறந்திட்டார்", மற்றப் பக்கம் "சீ, பன்றியா". வருத்தக்காரர் நடுவில வாய் திறக்காம இருப்பார், அவருக்கு விடிஞ்சா டயலிசிஸ், அந்த யோசனை அவருக்கு.

அந்த வீட்டுக்காகத்தான் இதை எழுதுறன். நான் டொக்டர் இல்ல, மருந்து மாத்திரை பற்றி ஒண்டும் சொல்லப் போறதுமில்ல. இப்பிடி ஒரு கதை வீட்டுக்குள்ள வந்தா எதை முதல்ல கேக்கணும், ஆரைத் தனிய வைச்சுக் கேக்கணும், எந்தக் கதையைக் கதைக்காம விட்டா பிறகு குடும்பம் உடையும், இதுகள்தான். "அது சரிவருமா" எண்ட கேள்வியைக் கொஞ்சம் பின்னால தள்ளுங்க, அதுக்கு டொக்டர்மாரே இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறாங்க. முதல்ல கேக்க வேண்டியது: இது ஆர்ட உடம்பில இருந்து வருது, ஆர்ட உடம்பில சோதிக்கிறாங்க, சரிவந்தா ஆருக்குக் கிடைக்கும்.

முதல்ல எது எண்டு பிரிச்சுப் பாருங்க

"ஜீன் தெரபி" (மரபணு வைத்தியம்) எண்ட ஒரே பேருக்குள்ள நாலு வேற வேலையைப் போட்டுக் குழப்பிக் கதைக்கிறாங்க. வீடியோவில எது சொல்லுறாங்க எண்டு பிரிக்காட்டி, சண்டை பிடிச்சு முடிஞ்ச பிறகுதான் ரெண்டு பேரும் ரெண்டு விஷயத்தைப் பற்றிக் கதைச்சிருக்கிறம் எண்டு தெரியவரும்.

ஒண்டு, பன்றிட ஜீனை மாத்திறது. பன்றிட செல்லுக்கு மேல இருக்கிற சில சீனி வகையளை எங்கட ரத்தம் கண்ட உடன எதிரி எண்டு தாக்கும், நிமிசக் கணக்கில கிட்னி கறுத்துப் போகும். அதால அந்தச் சீனியைச் செய்யிற பன்றி ஜீன்களை வெட்டி எடுத்து, மனுச ஜீன் சிலதைச் சேர்த்து, அந்தப் பன்றியை வளர்த்து உறுப்பை எடுக்கிறாங்க. 2024 மார்ச்சில பொஸ்டன்ல ரிச்சர்ட் ஸ்லேமன் எண்டவருக்கு வைச்ச கிட்னியில 69 இடத்தில ஜீன் மாத்தியிருந்தாங்க, அதில 59 இடம் பன்றிட டிஎன்ஏக்குள்ளயே ஒளிஞ்சு கிடக்கிற வைரஸை முடக்கிறதுக்கு மட்டும். அவர் ரெண்டு மாசம் அளவில இறந்துட்டார், கிட்னியால எண்டதுக்கு அடையாளம் ஒண்டும் காணேல்ல எண்டு ஆஸ்பத்திரி சொன்னது. அதே வருஷம் நியூயோர்க்கில லிசா பிசானோவுக்கு வைச்சதை 47 நாளில கழட்டினாங்க. டோவானா லூனிக்கு 130 நாள் வேலை செய்தது, உடம்பு ஏத்துக்கொள்ளாம எடுக்க வேண்டி வந்தது. 2025 ஜனவரியில டிம் அண்ட்ரூஸுக்கு வைச்சது 271 நாள் நிண்டது. நாள் கூடிக்கொண்டு போகுது, அது உண்மை. ஆனா எங்கட ஊரில நல்லாப் பொருந்தின மனுசக் கிட்னியோட பத்து வருஷத்துக்கு மேல நடமாடுற ஆக்களை வைச்சுப் பாத்தா இது இன்னும் தவழுற பிள்ளைதான்.

ரெண்டாவது, மனுசர் தந்த உறுப்பையே வைக்கிறதுக்கு முதல் திருத்துறது. 2009ல டொரொண்டோவில, இது வைக்க உதவாது எண்டு ஒதுக்கின நுரையீரல்களை உடம்புக்கு வெளிய மெஷின்ல வைச்சு மூச்சு விட வைச்சு, அழற்சியை அடக்கிற ஐஎல்-10 எண்ட ஜீனை ஒரு வைரஸில ஏத்தி உள்ள விட்டாங்க, நுரையீரல் தெளிஞ்சது. எனக்கென்னவோ இதுதான் ஆரவாரமில்லாம நல்லா வரக்கூடியது மாதிரித் தெரியுது, பன்றி மாதிரிப் பரபரப்பு இல்லாததால ஒருத்தரும் ஃபோர்வர்ட் பண்ண மாட்டாங்க.

மூண்டாவது, வருத்தக்காரர்ட சொந்த எதிர்ப்புச் செல்களை எடுத்து, ஜீனை மாத்தி, "இந்தப் புதுக் கிட்னி எங்கட ஆள்தான், தாக்காத" எண்டு பழக்கித் திருப்பி ஏத்திறது. சரிவந்தா, புது உறுப்பை உடம்பு தாக்காம அடக்கிற டக்ரொலிமஸ் மாதிரியான குளிசை ஆயுசுக்கும் போடுறது குறையலாம் எண்ட நம்பிக்கை. இப்ப ஆக்களில சோதிச்சுப் பாக்கிற சின்னச் சின்ன ட்ரயல் அளவிலதான்.

நாலாவது கருவிலேயே ஜீனை மாத்திறது. 2018ல சீனாவில ஹ ஜியான்குய் எண்டவர் ரெட்டைப் பெண்பிள்ளையளில அதைச் செய்து, உலகமே ஏசி, கடைசியில மூண்டு வருஷம் ஜெயில் கிடைச்சது. இது உறுப்பு மாத்திற விஷயமே இல்ல. ஆனா வீட்டில அப்பாச்சி "எங்கட பரம்பரையே மாறிடுமோ" எண்டு கேப்பா, அப்ப சொல்லுங்க, மேல உள்ள மூண்டும் அந்த ஒரு ஆள்ட உடம்போட நிக்கிறதுக்குத்தான் செய்யிறது, பிள்ளைக்குப் போற மாதிரிச் செய்யிறது இந்த நாலாவது மட்டும். அவ கேக்கிறது சரியான கேள்வி. ட்ரயல் ஒண்டில சேர்றதெண்டாலும் "இது என்ர விந்து, முட்டைக்குப் போகாது எண்டு எப்பிடிப் பாத்திருக்கிறீங்க" எண்டு கேக்கத்தான் வேணும்.

ட்ரயல் எண்டு சொன்னா என்ன கேக்கிறது

ட்ரயல் எண்டது வைத்தியம் இல்ல, ஆராய்ச்சி. உங்களைக் குணப்படுத்திறது அவங்கட ஆசையா இருக்கலாம், ஆனா அதுட நோக்கம் தகவல் எடுக்கிறது. இதை விளங்காம கையெழுத்து வைக்கக் கூடாது.

ஜெசி கெல்சிங்கர் எண்ட பெடியன்ட கதையை ஆருக்காவது சொல்லணும் எண்டா இந்த இடத்தில சொல்லுங்க. 18 வயசு, ஈரல்ல ஒரு நொதி குறைவு, சாப்பாட்டையும் மருந்தையும் பாத்துக்கொண்டு ஓரளவு சுகமா இருந்த பெடியன். 1999 செப்டம்பரில அமெரிக்காவில பென்சில்வேனியா யூனிவர்சிட்டி ட்ரயல்ல சேர்ந்து, ஜீனை ஏத்தின வைரஸை உடம்புக்குள்ள விட்ட நாலாம் நாள் இறந்தான். பிறகுதான் வெளிய வந்தது, அதே மாதிரியான வைரஸால முதல்லயே குரங்குகள் செத்திருந்ததாம், அது சம்மதப் பேப்பர்ல இல்லையாம், ட்ரயலை நடத்தினவருக்கு அந்தத் துறையில ஒரு கொம்பனியில பங்கும் இருந்ததாம். பெடியன் தனக்கு சுகம் வருமெண்டு போகேல்ல, பிறக்கப் போற பிள்ளையளுக்கு உதவும் எண்டு போனவன். அதுதான் நெஞ்சுக்குள்ள நிக்குது.

கிட்டவும் ஒண்டு நடந்தது. 1997ல அசாம்ல தானிராம் பருவா எண்ட டொக்டர் ஒரு ஆளுக்குப் பன்றிட இதயத்தை வைச்சார், ஆள் ஒரு கிழமைதான் இருந்தது, டொக்டரை இந்தியாட உறுப்பு மாற்றுச் சட்டத்தில உள்ள போட்டாங்க. நோக்கம் நல்லதோ கெட்டதோ, வெளியால இருந்து பாத்துச் சரி பிழை சொல்ல ஒரு குழு இல்லாம செய்தா இப்பிடித்தான் முடியும்.

அதால உங்கட கேள்வியளை இப்பிடிக் கேளுங்க. இந்த ட்ரயலைப் பாத்து அனுமதிச்ச நெறிமுறைக் குழு எது? இதுக்கு முதல் மிருகத்தில செய்யேக்க எத்தினை செத்தது, ஏன்? இதில ஆருக்கு லாபம், டொக்டருக்குக் கொம்பனியில பங்கு இருக்கோ? எனக்கு ஏதாவது ஆனா ஆஸ்பத்திரிச் செலவை ஆர் கட்டுறது, இங்க திருகோணமலையில வைச்சு ஆனா? இந்தக் கடைசிக் கேள்வியை விடாதீங்க. ஒப்பரேஷனுக்கு கண்டிக்கும் கொழும்புக்கும் ஓடுற ஆக்கள் நாங்க, காய்ச்சல் வாறது சாமம் ரெண்டு மணிக்கு உப்புவெளியில.

இன்னொரு விஷயம், கனபேர் யோசிக்காதது. சாதாரண ட்ரயல்ல எப்பவும் "எனக்கு வேணாம், நான் போறன்" எண்டு சொல்ல உரிமை இருக்கு. ஆனா டிஎன்ஏக்குள்ள போய் ஒட்டிற மாதிரி ஜீனைக் குடுத்தா 15 வருஷம் வரை பின்தொடர்ந்து பாக்கணும் எண்டு அமெரிக்க அதிகாரிகள் சொல்றாங்க. பன்றி உறுப்பு எண்டா ஆயுசுக்கும் ரத்தம் எடுத்துப் பாத்துக்கொண்டிருப்பாங்க, ரத்ததானம் செய்யேலாது, வீட்டு ஆக்களையும் சேர்த்துக் கவனிக்கச் சொல்லுவாங்க, ஏனெண்டா பன்றிட வைரஸ் ஒண்டு மனுசருக்குத் தாவினா அது அவரோட நிக்காது. 2022ல மேரிலண்ட்ல டேவிட் பென்னட்டுக்கு வைச்ச பன்றி இதயத்தில, எத்தினையோ சோதிச்சும், பன்றி வைரஸ் ஒண்டு தப்பி வந்திருந்தது, அவர் ரெண்டு மாசம்தான் இருந்தார். அப்ப சம்மதம் எண்டது வருத்தக்காரர்ட சம்மதம் மட்டுமா, மனுசியும் பிள்ளையளும் சேர்ந்து சம்மதிக்கணுமா? எனக்கு, வீட்டு ஆக்களையும் இருத்தி வைச்சு விளங்கப்படுத்தினாத்தான் அது சம்மதம்.

பேப்பர் இங்கிலீசிலயோ சிங்களத்திலயோ இருந்தா தமிழ்ல கேளுங்க, வெக்கப்படாதீங்க, தமிழும் இந்த நாட்டில அரச மொழி. மொழிபெயர்க்க வாற ஆள் உறவுக்காரரா இருக்காம இருந்தா நல்லம், உறவுக்காரர் கெட்ட செய்தியை முழுங்கிட்டு நல்லதை மட்டும் சொல்லுவாங்க.

பென்னட்ட கதையில இன்னொரு பக்கமும் இருக்கு. அவர் இளமையில ஒருத்தரைக் கத்தியால குத்தி ஜெயிலுக்குப் போனவர் எண்டு பிறகு வெளிய வந்தது, "இப்பிடிப்பட்ட ஆளுக்கா குடுத்தீங்க" எண்டு கேட்டாங்க. எங்கட பக்கத்தில இது வேற உருவத்தில வரும், "குடிச்சு ஈரலைக் கெடுத்தவனுக்கு எதுக்கு" எண்டு. வைத்தியத்தில ஆள்ட பழைய கணக்கைப் பாத்து உறுப்பு குடுக்கத் தொடங்கினா எங்க போய் நிக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்க, சீனி வருத்தத்தோட லட்டு சாப்பிட்டவரையும் தள்ள வேண்டி வரும். பிறகும் குடிப்பாரோ, வைச்ச உறுப்பு நிக்குமோ எண்டு பாக்கிறது வேற, தண்டனை குடுக்கிறது வேற.

காசுக் கதை

ஜீனை வெட்டித் திருத்திற கிரிஸ்பர் எண்ட முறையில அனுமதி கிடைச்ச முதல் ஜீன் வைத்தியம் கஸ்ஜெவி, சிக்கிள் செல், தலசீமியா எண்ட ரெண்டு பரம்பரை ரத்த வருத்தத்துக்கு; 2023 கடைசியில பிரிட்டன் ரெண்டுக்கும் அனுமதிச்சது, அமெரிக்கா அப்ப சிக்கிள் செல்லுக்கும் 2024 ஜனவரியில தலசீமியாவுக்கும் அனுமதிச்சது. அமெரிக்காவில விலை 22 லட்சம் டொலர். டொலர் 300 ரூவா எண்டு வைச்சாலும் 66 கோடி. குருநாகலில தலசீமியாவுக்கு எண்டே ஒரு நிலையம் இருக்கு, அங்க ரத்தம் ஏத்தக் காத்துக்கொண்டிருக்கிற பிள்ளையளை நினைச்சுப் பாத்தா இந்த விலை என்ன மாதிரி ஒரு விலை எண்டு விளங்கும்.

அதால ஆராவது "பத்து லட்சத்துக்கு ஜீன் வைத்தியம், கிட்னி திரும்ப வேலை செய்யும்" எண்டு சொன்னா அது ஏமாத்து எண்டே எடுத்துக்கொள்ளுங்க. பாக்கிறதுக்கு வழி இருக்கு. ட்ரயல் எண்டு சொன்னா பதிவு நம்பரைக் கேளுங்க, இலங்கைக்கு எண்டு ஒரு மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு இன்டர்நெட்டில இருக்கு, நம்பரைப் போட்டுத் தேடினா வரணும். மருந்து எண்டு சொன்னா தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில பதிஞ்சிருக்கோ எண்டு கேளுங்க. "சேர்றதுக்குக் காசு கட்டுங்க" எண்டு சொல்ற ட்ரயலைத் தூரத்தில வையுங்க. காணி ஈடு வைக்கிறதுக்கு முதல் உங்கட கிட்னி டொக்டர்ட்ட ஒருக்காக் கேளுங்க, அவர் ஏசினாலும் பரவாயில்ல.

கிட்னியைக் காசுக்கு வாங்கிறது, விக்கிறது எங்கட நாட்டில 1987ம் ஆண்டு 48ம் இலக்கச் சட்டப்படி குற்றம். எண்டாலும் 2016லயும் 2022லயும் கொழும்பில கிட்னி வியாபாரம் எண்டு பெரிய செய்தி வந்தது, விக்க வந்ததெல்லாம் இல்லாதபட்ட ஆக்கள். பன்றிக் கிட்னி வந்தா இந்த வியாபாரம் செத்திடும் எண்டு சிலபேர் சொல்றாங்க. இருக்கலாம். ஆனா விலை 66 கோடி மாதிரி இருந்தா இருக்கிறவங்களுக்குப் பன்றி, இல்லாதவங்களுக்கு அதே பழைய புரோக்கர் எண்டுதான் வரும். இதையும் வீட்டில கதையுங்க, ஏனெண்டா புரோக்கர் எங்கட வாசலுக்கும் வருவான்.

ஜீன் சோதனைக்கு முதல் வீட்டில கதைக்க வேண்டியது

அமெரிக்காப் பன்றி எங்கட ஊருக்கு வர எத்தினை வருஷமோ, அதை விடுங்க. ஜீன் விஷயம் எங்கட வீட்டுக்குள்ள இப்பவே வந்திட்டுது, பொருத்தம் பாக்கிற ரத்தச் சோதனையில. இதைத்தான் ஒருத்தரும் முதல்லயே சொல்றதில்ல, அதால கொஞ்சம் நிண்டு சொல்றன்.

கிட்னி குடுக்கலாமோ எண்டு பாக்க எச்எல்ஏ எண்டு ஒரு சோதனை எடுப்பாங்க, எது தன்ரது எது வேற ஆள்டது எண்டு உடம்பு அடையாளம் காண உதவுற ஜீன்களைப் பாக்கிறது. அந்த ஜீன்கள் தாயிட்ட இருந்து பாதி, தகப்பனிட்ட இருந்து பாதி வாறது. கூடப்பிறந்த ரெண்டு பேர் முழுசாப் பொருந்த நாலில ஒரு வாய்ப்பு, பாதி பொருந்த நாலில ரெண்டு, ஒண்டுமே பொருந்தாம இருக்க நாலில ஒண்டு. இந்தக் கணக்கு தெரியாம, பொருந்தாத தம்பியை "உனக்கு மனமில்ல, அதான் பொருந்தேல்ல" எண்டு ஏசின வீடும் இருக்கு. மனசுக்கும் எச்எல்ஏக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

ஆனா தகப்பனும் பிள்ளையும் எண்டா பாதி பொருந்தியே ஆகணும். அப்பிடி வராட்டி? அந்தப் பேப்பர் சொல்றது என்னெண்டு உங்களுக்கு விளங்கும். ஐம்பது வருஷத்து ரகசியம் ஒண்டு லாப் ரிப்போட்டில வெளிய வந்து விழும். சில இடங்களில டொக்டர்மார் "பொருத்தம் காணாது" எண்டதோட நிப்பாட்டுவாங்க, சில இடங்களில பேப்பரை அப்பிடியே கையில தந்து விடுவாங்க. அதால ரத்தம் குடுக்க முதலே கேக்கணும்: இந்தச் சோதனையில உறவுமுறை பற்றி ஏதாவது தெரிய வந்தா ஆருக்குச் சொல்லுவீங்க? எங்களுக்குச் சொல்லாம விடலாமோ? இதைக் கேக்கிறதுக்கு வீட்டில சந்தேகம் இருக்கணும் எண்டு இல்ல, எல்லாருமே கேட்டா ஆருக்கும் சந்தேகம் வராது.

அடுத்தது பரம்பரை வருத்தம். கிட்னி முழுக்க நீர்க்கட்டி வாற ஒரு வகை இருக்கு, தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தகப்பனுக்கு அது எண்டா, கிட்னி குடுக்க முன்வாற மகளுக்கு ஸ்கேன் பாக்கணும், வயசு குறைவா இருந்தா ஜீன் சோதனையும் சொல்லுவாங்க. மகள் குடுக்கப் போய், தனக்கே வருத்தம் எண்டு தெரிஞ்சுகொண்டு வருவா. அவக்கு அது தெரிய விருப்பமோ எண்டு ஆராவது கேட்டாங்களா? தெரியாம இருக்கிறதும் ஒரு உரிமைதான். அவக்கு அடுத்த வருஷம் கலியாணம் பேசியிருந்தா, மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்றதா? ஒளிச்சா பிறகு பிரச்சினை, சொன்னா சீதனம் கூடும், இல்லாட்டி சம்பந்தம் முறியும். இதுக்கு நான் ஒரு விடை தரேலாது. ஆனா முடிவெடுக்கிறது அந்தப் பிள்ளை, அவட ரிப்போட் அவட கையில, மாமாமாரும் பெரியப்பாவும் வரிசையா வாசிச்சுப் பாக்கிற பேப்பர் இல்ல அது.

குடுக்கிறது ஆர் எண்டும் பாருங்க. இந்தியாவில உயிரோட உறுப்பு குடுக்கிறவங்கள்ல பெரும்பான்மை பொம்பிளையள், வாங்கிறவங்கள்ல பெரும்பான்மை ஆம்பிளையள். எங்கட பக்கம் வேறயா இருக்கும் எண்டு நினைக்கிறீங்களா? "அண்ணா உழைக்கிறவன், அவன்ட உடம்பைத் தொடாதீங்க, தங்கச்சி வீட்டிலதானே இருக்கிறா" எண்டு குசினியில முடிவாகும், அவ தலையாட்டுவா, எல்லாரும் தியாகம் எண்டு கண் கலங்குவாங்க. தங்கச்சிக்கு ஒரு வழி வைச்சுக் குடுங்க: அவ டொக்டரைத் தனியச் சந்திக்கணும், அம்மா வெளிய இருக்கணும், புருஷனும் வெளிய இருக்கணும். உள்ளுக்கு அவ "எனக்குப் பயம், விருப்பமில்ல" எண்டு சொன்னா, உலகத்தில கன இடங்களில டொக்டர்மார் வீட்டு ஆக்களுக்கு "இவ குடுக்கத் தகுதி இல்ல" எண்டு மட்டும் சொல்லி அனுப்புவாங்க, ஏன் எண்டு சொல்ல மாட்டாங்க. அது பொய் எண்டு சிலருக்குத் தோணலாம். எனக்குத் தோணேல்ல.

இப்ப அந்தப் பன்றி வீடியோவுக்கு வாங்க. அது இந்தக் கதைக்குள்ள ரெண்டு விதமா நுழையும். ஒண்டு, குடுக்க நினைச்ச தம்பி "கொஞ்சம் பொறுங்கோ, ரெண்டு வருஷத்தில பன்றிக் கிட்னி வந்திடும்" எண்டு தள்ளிப் போடுவார், வருத்தக்காரர் டயலிசிஸ்ல உருகிக்கொண்டு போவார். மற்றது, வருத்தக்காரரே "என்ர தங்கச்சிட வயித்தைக் கிழிக்க வேணாம், நான் பன்றிக்கு நிக்கிறன்" எண்டு சொல்லுவார். முதலாவது சாட்டு, ரெண்டாவது பாசம். ஆனா ரெண்டுமே, எங்களுக்கு இன்னும் கிடைக்காத ஒண்டை நம்பி எடுக்கிற முடிவு. 2025ல அமெரிக்காவில முறையான ட்ரயலுக்கு அனுமதி குடுத்தாங்க, அது ட்ரயல்தான், வைத்தியம் இல்ல. "இண்டைக்கு எங்களுக்கு உண்மையா இருக்கிற வழி என்ன" எண்டு ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க: டயலிசிஸ், உயிரோட இருக்கிறவர் குடுக்கிறது, இறந்தவரிட்ட இருந்து கிடைக்கிறது. பன்றியை அந்தப் பேப்பர்ல எழுதாதீங்க.

மதம் பற்றிக் கேக்கிறதெண்டா

திருகோணமலையில இந்தக் கதை ஒரு மதத்தோட நிக்காது. டயலிசிஸ் வார்ட்டில கிண்ணியா வாப்பாவும், தம்பலகாமத்து ஐயாவும், பாலையூற்று அன்ரியும், கந்தளாய் மாத்தையாவும் பக்கத்துக் கட்டில்.

முஸ்லிம் வீடுகளில பன்றி எண்ட உடன கதவு மூடும், அது விளங்குது. ஆனா மௌலவியிட்டப் போய் "பன்றிக் கிட்னி கூடுமா" எண்டு மொட்டையாக் கேக்காதீங்க, மொட்டையான பதில்தான் வரும். உயிருக்கு ஆபத்து எவ்வளவு, வேற வழி இருக்கோ, நம்பகமான டொக்டர் என்ன சொன்னார் எண்டு எழுதிக்கொண்டு போங்க, ஏனெண்டா மார்க்கத்தில ளரூரத் எண்ட நிர்ப்பந்த நிலையைப் பாத்துத்தான் இப்பிடியான விஷயத்தில தீர்ப்புச் சொல்லுவாங்க. மனுச உறுப்பு விஷயத்தில 1988ல ஜித்தாவில கூடின இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி நிபந்தனையோட அனுமதிச்சிருக்கு. இன்னொண்டு, டயலிசிஸ்ல ரத்தம் உறையாம விடுற ஹெப்பரின் மருந்து பெரும்பாலும் பன்றிக் குடலில இருந்துதான் எடுக்கிறது. மௌலவியிட்ட இதையும் சொல்லிக் கேளுங்க. ஆனா இதை வைச்சு "நீ ஏற்கனவே பன்றிதானே" எண்டு ஆரையும் மடக்கப் போகாதீங்க, அது கேவலமான வேலை.

கத்தோலிக்க ஆக்களுக்கு, 2000 ஆகஸ்டில ரெண்டாம் ஜோன் போல் பாப்பரசர் ரோமில உறுப்பு மாற்று மாநாட்டில கதைக்கேக்க, மிருக உறுப்பு வைக்கலாம், ஆனா வாங்கிறவர்ட தனித்தன்மை கெடக்கூடாது, ஆபத்து அளவுக்கு மிஞ்சக்கூடாது எண்ட மாதிரிச் சொன்னவர். சைவ வீடுகளில மறுப்பு வேற பக்கத்தால வரும், மச்சம் தொடாதவ, வெள்ளிக்கிழமை விரதம், இப்ப உடம்புக்குள்ள ஒரு மிருகமா எண்டு. பெரியவர் ஒருத்தர் "வராகமும் பெருமாள்ட அவதாரம்தானே" எண்டு பகிடியாச் சொன்னார், மனுசிக்கு அது பகிடியாப் படேல்ல. அவட அருவருப்பை அறியாமை எண்டு தள்ளாதீங்க, அதுக்குள்ள ஒரு நியாயமான கேள்வி இருக்கு: அந்தப் பன்றி என்ன பாவம் செய்தது? கிருமி வராம மூடின கட்டடத்துக்குள்ள, மண்ணையே மிதிக்காம, ஒரு கிட்னிக்கு எண்டு வளர்ந்து சாகிற உயிர் அது. கறி தின்னிற ஆக்கள் இதைக் கேக்க உரிமை இல்லை எண்டும் சொல்லேலாது, தின்னாதவ கேட்டா பதில் சொல்லித்தான் ஆகணும்.

ஊர் அளவில கேக்க வேண்டிய ஒண்டு

பதவியா, மதவாச்சி பக்கம் வயல் செய்யிற ஆக்களுக்கு ஏன் எண்டு தெரியாமலே கிட்னி பழுதாகிறது பல வருஷமா நடக்குது, எங்கட மாவட்ட எல்லையில இருந்து தூரமில்ல, குடிக்கிற தண்ணியிலயும் சந்தேகம் இருக்கு. 2021ல பொலன்னறுவையில கிட்னிக்கு எண்டே சீன உதவியோட ஆஸ்பத்திரி திறந்தாங்க. 69 இடத்தில ஜீன் வெட்டி ஒரு ஆளுக்கு ஒரு கிட்னி வைக்கிற காசில எத்தினை கிராமத்துக்குத் தண்ணி வடிகட்டிற பிளாண்ட் போடலாம் எண்டு கேக்கிறவங்களை விஞ்ஞானத்துக்கு எதிரி எண்டு சொல்லாதீங்க. நான் ரெண்டும் வேணும் எண்டுதான் சொல்லுவன், ஆனா வரிசையில எது முன்னுக்கு எண்டா தண்ணிதான்.

இறந்த பிறகு குடுக்கிறதைப் பற்றியும் இதே இருப்பில கதைச்சு முடியுங்க. இலங்கை ஆக்கள், கண்தானச் சங்கத்தைத் தொடங்கின டொக்டர் ஹட்சன் சில்வா காலத்தில இருந்து கண்ணைக் குடுத்துப் பழகினவங்க, வெளிநாட்டுக்கும் அனுப்புறம். கிட்னிக்கு எண்டா பெரும்பாலும் மூளை இறந்து நெஞ்சு துடிச்சுக்கொண்டிருக்கேக்கதான் எடுக்கிறது, அந்த நேரத்தில ஐசியு வாசல்ல நிண்டு "அவர் என்ன நினைச்சிருப்பார்" எண்டு யோசிக்கேலாது. உங்கட விருப்பத்தை இப்பவே எழுதி, வீட்டில ரெண்டு பேருக்காவது சொல்லி வையுங்க.

கிளினிக்குக்குப் போகேக்க ஒரு கொப்பி கொண்டு போங்க. வலப்பக்கம் உங்கட கேள்வி, இடப்பக்கம் வெறுமையா விடுங்க, பதில் எழுத. டொக்டருக்கு முன்னால நூறு பேர் நிப்பாங்க, எல்லாத்தையும் கேக்க விடமாட்டாங்க, அதால குடுக்கிறவர்ட கேள்வி முதல்ல, வாங்கிறவர்ட கேள்வி ரெண்டாவது, யூடியூப்ல பாத்தது கடைசியில. பதில் விளங்காட்டி "விளங்கேல்ல டொக்டர், திரும்பச் சொல்லுங்க" எண்டு கேளுங்க. நேரம் போட்டுது எண்டு அனுப்பினா மிச்சத்தை நேர்ஸிட்டக் கேளுங்க, இல்லாட்டி அதே கொப்பியோட அடுத்த கிளினிக்குக்குப் போங்க.